கெமோமைல் டீ குடித்தால் உதடு வீங்குகிறது, சாமந்தி அலர்ஜிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இரவில் தூக்கம் சரியாக வருவதில்லை என்று தங்கை ஒரு மூலிகை டீ பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். பாக்கெட்டின் பின்னால் போட்டிருப்பது இவ்வளவுதான்: கெமோமைல், அதிமதுரம், சோம்பு, எலுமிச்சைப் புல், ஏலக்காய். முதலில் குடித்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, தொண்டையில் லேசாக அரிப்பு இருந்தது, சளி பிடிக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு ஸ்பூன் தேன் கலந்து பாதி டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டேன், பத்து நிமிடத்துக்குள் உதடு மதமதவென்று ஆகி, நாக்கும் காதுக்கு உள்பக்கமும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் மேலுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கழுத்திலும் நெஞ்சிலும் கொசு கடித்த மாதிரி தடிப்புத் தடிப்பாக. தொண்டையை யாரோ லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது, ஆனால் மூச்சுத் திணறல் இல்லை. வீட்டில் இருந்த செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டேன், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

அத்தை (மாமியார்) இது உடம்புச் சூடு, மோர் குடித்தால் சரியாகிவிடும், மூலிகை யாரையும் ஒன்றும் செய்யாது என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் ஆயுத பூஜைக்குச் சாமந்தி தொடுக்கும்போதெல்லாம் விரல் நுனி அரித்துத் தோல் உரியும், தும்மலும் விடாமல் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? தேனாக இருக்குமா? கொஞ்சமாக, ஒரு வாய் மட்டும் குடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடுமா?

இன்னொரு கவலையும் இருக்கிறது. மாமாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போகிறது. பாக்கெட் வீணாகிறதே என்று மீதி டீயை இப்போது அவர் குடித்துக்கொண்டிருக்கிறார். அத்தை கொரோனா காலத்தில் ஆரம்பித்த கபசுரக் குடிநீரை இன்னும் தினமும் காய்ச்சிக் குடிக்கிறார், பிபி மாத்திரையும் உண்டு. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா, இல்லை நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம்:

சகோதரி, சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு. கெமோமைல் பூவைக் காயவைக்காமல் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றிலும் வெள்ளை இதழ், சாமந்தியைச் சின்னதாக்கி வைத்த மாதிரியே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், ஆஸ்டரேசி என்பார்கள். சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி, நம் கரிசலாங்கண்ணி, வயல் வரப்பெல்லாம் பிடித்துக் கிடக்கிற பார்த்தீனியம், எல்லாம் அதே வம்சம்தான். ஒன்றுக்கு அலர்ஜி இருக்கிற உடம்பு இன்னொன்றையும் அதே எதிரி என்று நினைத்துப் பாய்வது இந்தக் குடும்பத்தில் சாதாரணம்.

எனக்கு இது தெரிந்ததே பார்த்தீனியத்தால்தான். நான் கிருஷ்ணகிரிப் பக்கம், விவசாயம். அந்தச் செடி 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. மழை பெய்து அது வெள்ளையாகப் பூத்துவிட்டால் எனக்குக் கண் இமை, கழுத்துப் பட்டை, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்து, தோல் மரப்பட்டை மாதிரி ஆகிவிடும். செடியைத் தொடக்கூட வேண்டியதில்லை, காற்றில் வருகிற தூளே போதும். தோல் டாக்டர் முதுகில் சின்னச் சின்ன வட்டமாக மருந்து வைத்து பிளாஸ்டர் போட்டு, இரண்டு நாள் குளிக்காதே என்று அனுப்பி, பிரித்துப் பார்த்துச் சொன்னார். செஸ்கிடெர்பீன் லாக்டோன் என்று ஒரு வகைப் பொருள் இந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கிறதாம், அதுதான் எனக்கு ஆகவில்லை. பூக்கடைக்காரர்களுக்குக் கை வெடிப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம் என்றார்.

அன்றிலிருந்து எந்தக் கஷாயம், எந்தப் பொடி என்றாலும் அதில் இருக்கிற செடி என்ன குடும்பம் என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பது. ஊரில் கரிசாலை (கரிசலாங்கண்ணி) டீ நல்லது என்று கொடுப்பார்கள், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உங்கள் அத்தை குடிக்கிற கபசுரத்தில் 15 சரக்கு இருக்கிறது. அதில் அக்கரகாரம், கோஷ்டம் இரண்டும் இதே ஆஸ்டரேசி. கோஷ்டம் வேரில் இருக்கிற காஸ்டுனோலைடு என்பது, பிளாஸ்டர் பரிசோதனைக்கு வைக்கிற கலவையிலேயே ஒரு பொருள். அத்தைக்குச் சாமந்தி ஒத்துப்போகிறது என்றால் அவருக்கு இந்த வகையில் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாளைக்கு உங்களுக்குச் சளி என்று அவர் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தால் தயவுசெய்து குடித்துவிடாதீர்கள்.

தேன் பற்றிக் கேட்டீர்கள். தேனில் மகரந்தம் இருக்கும், தேனீ சூரியகாந்தி மாதிரி இந்தக் குடும்பத்துப் பூவில் உட்கார்ந்து வந்திருந்தால் அந்த மகரந்தமும் வரும். அதனால் தேனை முழுசாக விட்டுவிட முடியாது. ஆனால் தேன் இல்லாமல் குடித்தபோதே தொண்டை அரித்தது என்கிறீர்களே, எனக்கென்னவோ கெமோமைல் மேல்தான் சந்தேகம்.

இரவுப்பணி:

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். முதலில் ஒன்று: ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன் என்று சொன்னீர்களே, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். முதல் தடவை தொண்டை அரிப்பு, அடுத்தது உதடு வீக்கமும் தடிப்பும் என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்றாவது எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அளவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்ற கணக்கு அலர்ஜியில் செல்லாது. 1989-ல் ஸ்பெயினில் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு, ஏற்கெனவே மகரந்த அலர்ஜி இருந்தவன், வாழ்க்கையில் முதல் முறையாகக் கெமோமைல் டீ குடித்ததற்கே அனாஃபிலாக்ஸிஸ் வந்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அனாஃபிலாக்ஸிஸ் என்றால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் வருகிற கடும் அலர்ஜி, பிபி விழுந்துவிடும், மூச்சுக்குழல் இறுகிவிடும்.

செட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும்தான் அடக்கும். தொண்டை அடைப்பதையோ பிபி விழுவதையோ அது தடுக்காது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் வீட்டில் அவில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த நிலைமைக்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. வெளிநாட்டில் பேனா மாதிரி கையோடு வைத்திருக்கிற ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை, அதனால் நமக்கு நேரம்தான் முக்கியம். குரல் கரகரப்பது, எச்சில் விழுங்க முடியாதது, இழுப்பு, விடாத வாந்தி, தலைசுற்றி முகம் வெளுப்பது, இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், எழுப்பி நடக்க விடக் கூடாது. மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். மோர், தண்ணீர், எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்கும் போகக் கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு, அதற்காகத்தான் எங்கள் வார்டில் வைத்துப் பார்ப்பது.

வரப்போரம் அண்ணா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அவருக்கு இருப்பது தொட்டால் அல்லது தூள் பட்டால் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து மெதுவாக வருகிற தோல் அலர்ஜி. உங்களுக்குப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது வேறு வழி, அது ஐஜிஈ என்ற எதிர்ப்புப் பொருளால் வருவது. விரல் தோல் உரிவது முதல் வகையாக இருக்கலாம், தும்மலும் உதட்டு வீக்கமும் இரண்டாவது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். பரிசோதனையும் வேறு வேறு: அவருக்கு முதுகில் ஒட்டினார்கள், உங்களுக்கு முன்கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்ப்பார்கள், கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால் டாக்டரிடம் "அலர்ஜி" என்று மட்டும் சொல்லாதீர்கள், எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று இங்கே எழுதினீர்களே, அதையே அப்படியே சொல்லுங்கள். வீங்கிய உதட்டைப் போட்டோ எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

மூலிகைத்தோட்டம்:

மன்னிக்கவும், ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே கடைசியில் பழி எல்லாம் சித்த மருத்துவத்தின் தலையில் விழுகிறது. கெமோமைலுக்கும் சித்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அது ஐரோப்பாவில் இருந்து பாக்கெட்டில் வந்தது. நம் குடிநீர் என்பது டீ அல்ல, மருந்து. நோய் என்ன, வயது என்ன, எத்தனை நாள் என்று பார்த்துக் கொடுப்பது. சூரணத்தைத் தண்ணீரில் போட்டு நான்கில் ஒன்றாக வற்றவைத்து 60 மி.லி. அளவு, அதுவும் சில நாளைக்கு. 2012-ல் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீரையும் 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரத்தையும் அரசாங்கமே விநியோகித்தது. நானே வாங்கிக் குடித்தேன், எங்கள் தெருவே குடித்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கபசுரத்தை வருடக்கணக்கில் காலை காபிக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்லி எந்தச் சித்த மருத்துவரும் சொல்ல மாட்டார். உங்கள் அத்தை செய்வது தவறு என்று நானே சொல்கிறேன். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது, காசும் வாங்க மாட்டார்கள். கடையில் பொடி வாங்கிக் கண் அளவில் போட்டுக் காய்ச்சிவிட்டு மருந்தைக் குறை சொன்னால் என்னைப் போல மதிப்பு வைத்திருக்கிறவர்களுக்கு வேதனையாக இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:

மூலிகைத்தோட்டம் அய்யா, நீங்கள் சொன்ன "டீ அல்ல, மருந்து" என்பதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன், மருந்தாளுநராக எனக்கு வேண்டியதும் அந்த ஒரு வாக்கியம்தான். மருந்து என்று ஒத்துக்கொண்டால் பக்கவிளைவும் உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டும், மாத்திரைப் பட்டியலில் அதையும் எழுத வேண்டும். தெருவில் ஒருவருக்கும் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இந்தப் பிரச்சினைகள் எல்லோருக்கும் வருபவை அல்ல, யாருக்கு வரும் என்று தெரியாதவை. நிலவேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் நிலவேம்பு சேர்ந்த தயாரிப்புகளால் வந்த கடும் அலர்ஜிப் புகார்களைத் தனியாக ஆய்வு செய்து வெளியிட்டது. சீந்தில் கதை இன்னும் கிட்டத்தில். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் ஈரல் பாதித்து வந்தார்கள், எல்லோரும் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்தவர்கள். பிறகு 2022-ல் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பதிவு செய்தன. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சீந்தில் என்று நினைத்து அதே இனத்தின் வேறொரு கொடியைப் பறித்திருக்கலாம் என்றது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வேலியில் படர்ந்ததைப் பறித்து வீட்டில் காய்ச்சுகிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? கபசுரத்தில் நிலவேம்பும் இருக்கிறது, சீந்திலும் இருக்கிறது. அத்தைக்குத் தைராய்டு மாதிரி ஆட்டோஇம்யூன் தொந்தரவு (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குவது) ஏதாவது இருந்தால் கண்டிப்பாக நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்டு ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.

நொய்யல்கரை, இந்த இழையில் எனக்கு மிக அவசரமாகப் படுவது உங்கள் மாமாதான். கெமோமைல் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் உறையாத தன்மை கூடிவிடும். 2006-ல் கனடா மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு நோயாளி, 70 வயது அம்மா, வார்ஃபரின் எடுத்துக்கொண்டே இருமலுக்குக் கெமோமைல் டீயும் கால் வீக்கத்துக்குக் கெமோமைல் லோஷனும் உபயோகித்தார், உடம்புக்குள் பல இடத்தில் ரத்தக் கசிவு. மாமாவுக்கு டீயை இன்றைக்கே நிறுத்துங்கள். வார்ஃபரினை நிறுத்தாதீர்கள், குறைக்கவும் வேண்டாம், வால்வில் ரத்தம் கட்டிவிடும். நாளைக் காலை ஐஎன்ஆர் என்ற, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்து இதய டாக்டருக்குப் போன் செய்து, இத்தனை நாள் இந்த டீ குடித்தார் என்று சொல்லுங்கள். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் நீலம் பாய்வது, கறுப்பாக மலம், கடுமையான தலைவலி, இதெல்லாம் இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தப் பாக்கெட்டில் "அலர்ஜி தகவல்" என்ற வரி பற்றி நீங்கள் சொல்லவில்லை. அதில் பொதுவாகக் கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா போன்றவைதான் வரும், சட்டப்படி போட வேண்டிய பட்டியல் அது. கெமோமைலோ சாமந்தியோ அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அந்த வரியில் ஒன்றும் இல்லை என்றால் நமக்கு அலர்ஜி வராது என்று பொருள் கொள்ளாதீர்கள், சேர்மானப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். அதில் எடை அதிகமான பொருள் முதலில் வரும்.

உங்களுக்கு வந்ததைப் பதிவும் செய்யுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண் மருந்துப் பக்கவிளைவுகளுக்கானது, பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. சித்த மருந்து என்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் தெரிவிக்கலாம், அதற்கென்று அங்கே ஒரு மையம் உண்டு. நாம் சொல்லாவிட்டால் "ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதே கணக்கில் நிற்கும்.

சுருதிப்பெட்டி:

எல்லோரும் கெமோமைலையே பார்க்கிறீர்கள், அந்தப் பாக்கெட்டில் இரண்டாவதாக இருப்பது அதிமதுரம். வீட்டில் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கிறார் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா பாட்டு வாத்தியார். தொண்டை கட்டக் கூடாது என்று அதிமதுரக் கட்டையை நசுக்கிக் கொதிக்க வைத்து பிளாஸ்கில் ஊற்றி வகுப்பு முழுக்கக் குடித்துக்கொண்டே இருப்பார். பிபி எகிறிக்கொண்டே போனது, மாத்திரை ஒன்று இரண்டாகி மூன்றாகியும் அடங்கவில்லை, கால் வீங்கி செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். மாடிப்படி ஏறினால் தொடை துவண்டுவிடுகிறது என்பார், வயசாகிவிட்டது என்று நினைத்தோம். ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு என்று வந்தபிறகு ஒரு இளம் டாக்டர்தான் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன குடிக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிளாஸ்க் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அதை நிறுத்திய சில வாரத்தில் பிபி இறங்கிவிட்டது.

அவர் விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் வேலை காட்டாமல் இருக்க அங்கே ஒரு என்சைம் காவல் காக்கிறது, அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் அந்த என்சைமைத் தடுத்துவிடுகிறது. உடனே உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். 2020-ல் மருத்துவ இதழில் வந்தது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் சில வாரம் தினமும் அதிமதுர மிட்டாய் பை பையாகத் தின்று இதயம் நின்று இறந்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மி.கி. கிளைசிரைசினுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். டீ பாக்கெட்டில் அது எத்தனை மி.கி. என்று யார் போடுகிறார்கள்? என்றைக்கோ தொண்டை கட்டினால் ஒரு துண்டு மென்றால் ஒன்றும் ஆகாது. பிபி, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருப்பவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் தினசரி குடிக்கவே வேண்டாம்.

உப்பளக்காற்று:

இதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், உடம்பு இளைக்க என்று விற்கிற டீ. பலவற்றில் இருப்பது சென்னா இலைதான், அதாவது எங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி கரிசல் காட்டில் விளைகிற நிலாவாரை. வெளிநாட்டுக்கு டின்னவெல்லி சென்னா என்ற பெயரிலேயே ஏற்றுமதி ஆகிறது. இலையைக் களத்தில் நிழலில் காயப்போட்டிருப்பார்கள், எங்கள் வீட்டில் மலச்சிக்கல் என்றால் பாட்டி ஒரு சிட்டிகை கொடுப்பார், மறுநாள் கேட்டால்கூட இன்னொரு சிட்டிகை கிடைக்காது. அதே இலையை நகரத்துப் பெண் பிள்ளைகள் மாதக்கணக்கில் தினம் இரவு குடிக்கிறார்கள். எடை குறைகிற மாதிரித் தெரிவது வயிற்றுப்போக்கில் போகிற தண்ணீர், கொழுப்பு அல்ல. ஓரிரு வாரத்துக்குமேல் எடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய மருந்து அமைப்பின் அறிவுரை. அதற்குமேல் போனால் பொட்டாசியம் இறங்கும், டீ இல்லாமல் வெளிக்குப் போகவே போகாது என்ற நிலை வந்துவிடும். சென்னாவும் அதிமதுரமும் ஒரே கலவையில் இருந்தால் இரண்டுமே பொட்டாசியத்தைத்தான் இறக்கும், அப்படிப்பட்ட பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்தால் மாத்திரை உடம்பில் சேராமலே போய்விடும்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் மனசார நன்றி. மாமாவிடம் மாத்திரைப்பெட்டி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காலையில் ரத்தம் எடுக்க ஆள் வரச் சொல்லியாகிவிட்டது, ஈறில் ரத்தம், நீலம் எதுவும் இல்லை. அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் மூலிகைத்தோட்டம் அய்யாவே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றதும் சித்தப் பிரிவுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். எனக்கும் அலர்ஜி பார்க்கிற டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. சோம்பு காரணமாக இருக்க வாய்ப்பு உண்டா? அதுவரை சுக்கு மல்லிக் காபி, துளசி, இஞ்சி டீ இதெல்லாம் குடிக்கலாமா?

இரவுப்பணி:

சோம்பு, மல்லி, சீரகம், கேரட் எல்லாம் இன்னொரு குடும்பம். மகரந்த அலர்ஜி இருப்பவர்கள் சிலருக்கு அந்தக் குடும்பமும் ஒத்துக்கொள்ளாது, அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் குருமாவில் சோம்பு அரைத்துப் போட்டுச் சாப்பிட்டு உங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை என்றால் அதன்மேல் சந்தேகம் குறைவு, டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். இஞ்சி, துளசி, எலுமிச்சைப் புல் மூன்றும் ஆஸ்டரேசி இல்லை. இதுவரை குடித்து ஒத்துப்போனதைத் தொடரலாம், புதிதாக எதையும் இப்போது ஆரம்பிக்க வேண்டாம். தேனையும் பரிசோதனை முடியும்வரை ஒதுக்கி வையுங்கள், சாமந்தி தொடுப்பதை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

போகும்போது டீ பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல், மூடிய டப்பாவில் அட்டையோடு எடுத்துப் போங்கள், அந்தப் பூவையே வைத்துக் குத்திப் பார்ப்பதும் உண்டு. செட்ரிசின், அவில் மாதிரி மாத்திரை உடம்பில் இருந்தால் குத்துப் பரிசோதனையில் தடிப்பே எழும்பாது, பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், உங்களுக்கு எத்தனை நாள் என்று இன்றே போனில் கேட்டுவிடுங்கள். நடுவில் மறுபடி ஏதாவது வந்தால் பரிசோதனைக்காக என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், நேராக மருத்துவமனைக்கு வாருங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். மாமாவின் ஐஎன்ஆர் எவ்வளவு என்று வந்ததும் இங்கே எழுதுங்கள்.